பெயர் சொல்லாத வீடு

பெய்லிங் சந்தையில் ஒரு படி தினை கேட்டதற்காகத் துவான் லியாங்குக்கு வாயிலேயே அடி விழுந்தது. அடித்தது ஒரு கட்டு பூண்டுத்தாள். அடித்தவள் அவருக்கு முன்னால் கூடையோடு நின்ற ஒரு பருத்த பெண்மணி.

"அடப்பாவி! மனுஷி ஒருத்தி நிக்கிறது கண்ணுக்குத் தெரியல? என் முன்னாடி அந்தச் சொல்லைச் சொல்றியே!"

"எந்தச் சொல்லை?"

"இப்பச் சொன்னியே, அதைத்தான். நான் துவான் வீட்டுச் சமையக்காரி. எங்க வீட்டுல அதுக்கு மஞ்சமணின்னு பேரு. மஞ்சமணின்னு கேளு, குடுப்பான்."

அவர் கேட்டது "ஒரு படி லியாங்". அந்த ஊர்ப் பேச்சில் லியாங் என்றால் தினை. வேறு எப்படிக் கேட்பதாம்?

கடைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "பான் அக்கா வர்ற நேரத்துல எங்களுக்கும் அது மஞ்சமணிதான்யா. இவங்க வீட்டுல பாலத்தைக்கூட 'தண்ணித்தாண்டி'ன்னுதான் சொல்லணும். பாலத்துக்கும் தினைக்கும் அதே சொல்தானே. ஓசை ஒண்ணாப் போச்சாம்."

"எங்க சின்ன ஐயா உத்தரவு. ஓசை மட்டும் ஒண்ணா இருக்கிற சொல்லுக்கெல்லாம் விலக்கு உண்டுன்னு வாத்தியாரே சொல்லிப் பார்த்தாரு. கேக்கணுமே! போன மாசம் ஒருத்தன் ஆத்துப் பாலம் உடைஞ்சு போச்சுன்னு சேதி சொல்ல வந்தான். அந்தச் சொல்லைச் சொல்லாம சேதி சொல்றதுக்குள்ள அவன் பட்ட பாடு!"

துவான் லியாங் சிரிக்கவில்லை. உயிரோடிருப்பவனின் பெயரை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், திட்டலாம். அவன் செத்து, அழுகை ஓய்ந்து, பலகையில் எழுதிப் பூசை மாடத்தில் வைத்த பிறகுதான் வீட்டார் வாயில் அந்தப் பெயர் வரக் கூடாது. துவான் வீட்டில் லியாங் என்று ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் இப்போது ஆட்டுத்தோல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானியக் கடையில் நிற்கிறார்.

"யாரு செத்தா?" என்று கேட்டார்.

"எந்தப் பொந்துலேருந்து வர்றே நீ? எங்க தளபதி ஐயாதான். பதினோரு வருஷம் ஆச்சு. பதினேழு அம்பு பாய்ஞ்சும் விழாம நின்னபடியே செத்தாராம். திரும்பி வந்த நானூறு பேரும் அப்படியே சொன்னாங்க. உடம்பு கிடைக்கல, துணிமணியை வச்சுத்தான் அடக்கம் பண்ணாங்க. ராஜா பட்டம் குடுத்தாரு, நிலம் குடுத்தாரு. சின்ன ஐயாவுக்குக் கோட்டையில உத்தியோகம். மருமகளுக்கு இப்ப ஏழு மாசம். என்னய்யா நீ, எதுக்கு இப்படி அழுவுறே?"

அவர் அழுதுகொண்டுதான் இருந்தார். சந்தை நடுவே, கிழவன் என்ற வெட்கம்கூட இல்லாமல். மனைவியின் கல்லறையையும் மகனின் கல்லறையையும் தேடிக் கும்பிட்டுவிட்டு அங்கேயே எங்காவது விழுந்து சாவதற்காகத்தான் அவர் ஐம்பது நாள் நடந்து வந்திருந்தார்.

அவர் அப்படி நினைத்ததில் தவறில்லை. சரணடைந்த தளபதியின் வீட்டில் ஒரு தலையையும் விட்டு வைப்பதில்லை என்பது ஜாவ் நாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? பதினாறு வயதில் காலாட்படையில் சேர்ந்து, நாற்பதில் வடக்குப் படை முழுவதையும் கைக்குள் வைத்திருந்த மனிதர். தன் தேரில் நின்று தானே முரசு அடிப்பார். அது ஓயும்வரை ஒருவன் பின்வாங்கக் கூடாது. ஒருமுறை அவருடைய படைத்தலைவன் ஒருவன் எதிரியிடம் சரணடைந்தபோது, அவனுடைய வீட்டு வாசலில் நின்று தண்டனையைப் படித்தவரும் அவர்தான். அவனுடைய தகப்பன், மனைவி, இரண்டு குழந்தைகள். படித்துவிட்டுப் போய் வயிறாரச் சாப்பிட்டார். சட்டம் சட்டம்தானே என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு அவருக்கே அந்த நாள் வந்தது. பள்ளத்தாக்கில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் நானூறு பேர் மிஞ்சியிருந்தார்கள். சுற்றிலும் வடக்கத்திக் குதிரை வீரர்கள். அவர்களின் தலைவன் மேட்டிலிருந்து கூவினான்: தளபதி வாளைக் கீழே போட்டுவிட்டு என் கூடாரத்துக்கு வந்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். அவர் தன் ஆட்களின் வெடித்த உதடுகளைப் பார்த்தார். வாளைப் போட்டார். மனைவியையும் ஒன்பது வயது மகனையும் கொன்றுவிட்டோம் என்று தெரிந்தேதான் போட்டார். பதினோரு வருடம் ஆடு மேய்த்தார். பனியில் ஒரு காது போயிற்று, கன்னம் கருகியது, தாடி முளைக்காமல் போயிற்று. அந்தத் தலைவன் செத்த பிறகு, உதவாத கிழட்டுக் கைதிகளை அவனுடைய மகன் விரட்டிவிட்டான்.

நானூறு பேரும் ஒரே பொய்யைச் சொல்லி அவருடைய வீட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அது அவருக்கு இந்தச் சந்தையில் நிற்கும்போதுதான் தெரிகிறது.

பான் அக்காவுக்கு வாய்தான் கெட்டது. "நீ அவரோட படையில இருந்தியா? அதானே பார்த்தேன். சரி சரி, கண்ணைத் துடை. குதிரை பார்க்கத் தெரியுமா? எங்க குதிரைக்காரன் ஓடிப்போயிட்டான். வா, ஒத்தைக்காது, கஞ்சியாவது ஊத்துறேன்."

அந்த இடத்திலேயே அவர் திரும்பியிருக்க வேண்டும். அவர் செத்துக் கிடக்கும்வரைதான் அவர்கள் உயிரோடிருப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்தது. பெரிய பெரிய படைகளின் போக்கை முன்கூட்டியே கணித்த மூளை, போகாதே போகாதே என்று அடித்துக்கொண்டது. கால் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் அவரும் நினைத்தார். எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறோம்.

அவருடைய மகன் ஹெங் முற்றத்துப் படியில் நின்றிருந்தான். இருபது வயது, புதிதாகக் கட்டிய கொண்டை, நெருப்பைப் போல நேரான பார்வை. புதுக் குதிரைக்காரன் தன் தகப்பனின் படையில் இருந்தவன் என்று பான் அக்கா சொன்னதும், அவன் கீழே இறங்கி வந்து அந்தக் கந்தல் கிழவனுக்குக் குனிந்து வணக்கம் செய்தான். துவான் லியாங்குக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"எங்கப்பாவை நேர்ல பார்த்திருக்கீங்களா, பெரியவரே?"

"தூரத்துலேருந்து, ஐயா."

"எப்படி இருப்பார்? எனக்கு முகம் சரியா ஞாபகம் வரல. குரல் மட்டும் கொஞ்சம்."

"கோபக்காரர்" என்றார் துவான் லியாங். அதற்கு மேல் பேசினால் அந்தக் குரலை அவன் அடையாளம் கண்டுகொள்வானோ என்று பயந்து இருமினார்.

"இருக்கட்டும். கோபம் இல்லாம படை நடத்த முடியுமா?" பையனின் முகம் மலர்ந்தது. பிறகு சட்டென்று கண்டிப்பானது. "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். சிப்பாய்ங்க வெறும் பேரைச் சொல்லிப் பேசுவாங்கன்னு தெரியும். அந்தப் பழக்கம் இருந்தா வாசலோட விட்டுட்டு வாங்க. அந்தப் பேர் என் காதுல விழுந்தா நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"உத்தரவு, ஐயா."

மூன்று நாள் குதிரைகளோடு கிடந்தார். நான்காம் நாள் மத்தியானம், கடிக்க வந்த ஒரு பெட்டைக் குதிரையை அவர் திட்டிக்கொண்டிருந்தபோது, லாயத்து வாசலில் நிழல் விழுந்தது. அவருடைய மனைவி மெங் நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. குதிரையின் பக்கத்தில் வந்து அதன் கழுத்தைத் தடவினாள். அவரும் குதிரையைத்தான் பார்த்தார்.

"காது எப்படிப் போச்சு?" என்று குதிரையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"பனி."

"வலிச்சுதா?"

"அப்ப வலிக்கல."

அவள் விரல்கள் பிடரிமயிரை முறுக்கி முறுக்கி அவிழ்த்தன.

"உங்க நீலச் சட்டையை எடுத்து ஒருத்தனைக் கூரையில ஏத்தினேன். வடக்குப் பக்கம் பார்த்து வீசச் சொல்லி, பேரைச் சொல்லி மூணு தடவ கூப்பிட வச்சேன். போன உயிர் திரும்பி வரும்னு செய்யறதுதானே. அன்னிக்கு வரல. இப்ப யாரும் கூப்பிடாம வந்து நிக்கிறீங்க."

"மெங், நான் வாளைக் கீழே போட்டேன். உங்க ரெண்டு பேரையும் கொன்னுட்டுத்தான் போட்டேன்."

"தெரியும். நாலு பேர் ஒரு சண்டையைப் பார்த்தாலே நாலு விதமாச் சொல்லுவாங்க. வந்த நானூறு பேரும் பதினேழு அம்புன்னாங்க. ஒருத்தன்கூடப் பதினாறுன்னு சொல்லல. அப்பவே தெரிஞ்சு போச்சு, நீங்க எங்கேயோ உயிரோட இருக்கீங்கன்னு." அவள் மூச்சு வாங்கினாள். "அதனாலதான் ஊர் கேக்க அழுதேன். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு."

"கோபம் இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. நானூறு பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து என் கால்ல விழுந்துட்டுப் போனாங்க, எதுக்குன்னு வாயைத் திறந்து சொல்லாம. அப்புறம் எங்கே கோபப்படறது?"

ஹெங்குக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா அவன் மூஞ்சியிலேயே எழுதியிருக்கும். பொய் சொல்ல வராத பிள்ளை. யாரைக் கொண்டு பிறந்திருக்கானோ!" இந்த இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. சட்டைக் கையால் குதிரையின் மூக்கைத் துடைப்பதுபோலத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குப் போயிடுங்க."

"போறேன்."

மறுநாள் அவர் போகவில்லை. அவள் மத்தியானம் வந்தாள். குதிரைக்குப் பார்லி கொண்டுவந்த கூடையின் அடியில், இலையில் சுற்றி இரண்டு ஆவிப் பலகாரம் இருந்தது. "நாளைக்குப் போயிடுங்க" என்றாள். "பெட்டைக் குதிரை குட்டி போடட்டும், போறேன்" என்றார். குதிரை குட்டி போட்டது. "குளம்பு ஒண்ணு சரியில்ல, பார்த்துட்டுப் போறேன்" என்றார். அவளும் ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றே சொன்னாள். இன்றைக்கு என்று ஒருநாளும் அவள் வாயில் வரவில்லை. அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு மனசு வரும்? பதினோரு வருடத்துக்கு ஒரு மத்தியானம் எந்த மூலைக்குப் போதும்?

இருபதாம் நாள், கோங் என்ற விசாரணை அதிகாரி தலைநகரிலிருந்து மூன்று தேர்களோடு வந்து இறங்கினார். மெலிந்த குரல், மென்மையான பேச்சு. முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, கொடுத்த சூடான மதுவை ருசித்துக் குடித்து, நல்லா இருக்கு என்று பாராட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"வடக்கேருந்து தப்பி வந்த ஒருத்தன் ஏதோ உளறியிருக்கான், தம்பி. தளபதி சாகலியாம். ஒரு காது இல்லாம ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தாராம். நான் நம்பல. ஆனா எழுத்துல வந்துடுச்சுன்னா விசாரிக்கணுமில்ல? வீட்டுல இருக்கிற எல்லாரையும் இப்படி வரச் சொல்லுங்க."

எல்லாரும் வந்து நின்றார்கள். கர்ப்பிணி மருமகள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரியின் பார்வை வரிசையாக ஊர்ந்து வந்து கடைசியில் நின்ற குதிரைக்காரனின் தலையில் நின்றது.

"இவன் யாரு?"

"குதிரைக்காரர். எங்கப்பா படையில இருந்தவர்" என்றான் ஹெங்.

"ஒரு காது இல்லையே."

பான் அக்கா முன்னால் வந்தாள். "வடக்கே பனியில காது போனவன் ஆயிரம் பேர் இருக்கானுங்க ஐயா. இவனாவது தளபதியாவது! என் பூண்டுத்தாளுக்கே பயந்தவன் இவன்." ஏவலர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன். கூட வாழ்ந்தவங்களுக்குத் தெரியாததா?"

மெங் பார்த்தாள். "இல்லை" என்றாள்.

"அவசரமே இல்லம்மா. பக்கத்துல போய், நல்லாப் பாருங்க."

அவள் நான்கு அடி நடந்து வந்து அவருக்கு எதிரே நின்றாள். இத்தனை நாளும் நடுவில் ஒரு குதிரை இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. அவருடைய கருகிய கன்னத்தை, இல்லாத காதை, கண்ணை அவள் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். அவளுடைய முகவாய் நடுங்கத் தொடங்கியது. அந்த முகவாயை அவருக்குத் தெரியும். கல்யாணத்தன்று பல்லக்கிலிருந்து இறங்கியபோதும், அவர் போருக்குப் புறப்பட்ட ஒவ்வொரு தடவையும் அது இப்படித்தான் நடுங்கியது. அதன் பிறகு அழுகை வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். அதிகாரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

துவான் லியாங் அவளைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு முற்றத்தின் நடுவுக்கு வந்தார்.

"பார்த்தது போதும்யா! நான் லியாங்கா? அந்த லியாங் பயலா நானு?"

பான் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பூசை மாடத்தின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவருடைய பெயர்ப்பலகை தெரிந்தது. அதைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வழி தெரியாம எங்களைப் பள்ளத்துல இறக்கினவன் லியாங்! என் கூடப் பிறந்தவன் மாதிரி இருந்த ஆறு பேரு அங்கே தண்ணிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுச் செத்தானுங்க. என் காது அங்கே போச்சு. அவனுக்கு இங்கே ஊதுவத்தி, பலகாரம், பட்டம்! லியாங்காம் லியாங்! த்தூ!"

அதில் பாதி உண்மை. அதனால்தான் வார்த்தை தடையில்லாமல் வந்தது.

முதலில் ஹெங் அழுதான். தகப்பன் பெயர் காதில் விழுந்ததும் அழ வேண்டும் என்பது முறை. அவனுக்கு முறை தேவைப்படவில்லை, தானாகவே வந்தது. பிறகு அவன் வாசல் கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையை உருவி எடுத்தான். தகப்பனின் பெயரைக் காலில் போட்டு மிதித்தவனைச் சும்மா விட்டால் அவன் மகனே இல்லை. அந்த ஊரில் யாரும் அவனைத் தடுக்க மாட்டார்கள். தடுக்கக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள்.

அதிகாரி கோங் ஹெங்கைப் பார்க்கவில்லை, குதிரைக்காரனையும் பார்க்கவில்லை. அவர் மெங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற தகப்பன் மேல் மகன் கை ஓங்குவதை எந்தத் தாயும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். அதைவிடப் பெரிய பாவம் வானத்தின் கீழ் கிடையாது. அவள் ஒரு சத்தம் போட்டால் போதும் அவருக்கு.

முதல் அடி முதுகில் விழுந்தது. துவான் லியாங் குப்புற விழுந்தார். தன் கதறலை அவனோ அவளோ கேட்டுவிடக் கூடாது என்று சட்டைக் கையைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது அடியில் விலா நொறுங்கியது. பையனின் கையில் நல்ல பலம் இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்கு அதில் சந்தோஷம்கூட வந்தது.

பிறகு ஹெங் நின்றுவிட்டான். கோபக்காரனே தவிர கொடுமைக்காரன் இல்லை. காலடியில் கிடப்பது ஒரு கிழவன், தான் குனிந்து வணக்கம் செய்த கிழவன். மூச்சிரைக்கத் தாயைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா? போதுமா?"

அதிகாரி இன்னும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். துவான் லியாங் மண்ணில் கன்னம் பதிய, சொல்லு மெங், சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினார்.

"அவன் அந்தப் பேரை நிறைய தடவ சொன்னான், ஹெங்" என்றாள் மெங். "நீ ரெண்டு அடிதான் அடிச்சிருக்கே."

மூன்றாவது அடி தலையில் விழுந்தது.

அதிகாரி கோங் எழுந்தார், உடையைத் தட்டிவிட்டுக்கொண்டார். உளறினவனுக்கு நாக்கை அறுக்கணும் என்று யாரிடமோ சொன்னார். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்குத் தளபதி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மெங்கிடம் சொல்லி, இடுப்பு வளைய வணங்கினார். தேர்கள் கிளம்பிப் போன சத்தம் தேய்ந்து மறைந்தது.

ஹெங் கட்டையைப் போட்டுவிட்டுத் தாயின் முன் மண்டியிட்டான். குழந்தையைப் போலத் தேம்பினான்.

"அம்மா, அப்பாவுக்கு நான் செய்தது போய்ச் சேர்ந்திருக்குமா?"

மெங் குனிந்து அவன் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவன் முகம் அவள் வயிற்றில் புதைந்திருந்ததால் அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவனுக்குத் தெரியாது.

"சேர்ந்துடுச்சு கண்ணு" என்றாள். "உங்கப்பாவுக்கு எல்லாம் சேர்ந்துடுச்சு."

மூன்றடி தள்ளி மண்ணில் கிடந்தவருக்கு அது கேட்டது. அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் கேட்கவில்லை.